குட்டியானையில் ஒரு ஞாயிறு

வால்பாறைதான் போவதாக இருந்தது.
முதலாளி சாவியைக் கையில் போடும்போதே சொல்லிவிட்டார்:
திங்கக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு
வண்டி கம்பெனி வாசல்ல நிக்கணும்.
ஆகவே எண்ணூர்.

தண்ணீர்க் கேன்கள் இறங்கிய ஈரத்தை
எபி பழைய லுங்கியால் துடைத்தான்.
நான் பாய் விரித்தேன். கம்பியில் கொசுவலை கட்டினேன்.
ஒற்றை அடுப்பு, தக்காளி சாதம், குடிக்க ஒரு கேன் தண்ணீர்.
தார்ப்பாயை இழுத்து மூடியதும்
உள்ளே எல்லாம் நீலமாகிவிட்டது, எங்கள் கைகள்கூட.

தண்டையார்பேட்டையில் எங்களுடையது ஒரே அறை.
அதில் மாமியார், கொழுந்தன், டிவி, தையல் மெஷின்.
குட்டியானைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான்.
எபி அதில் கயிறு கட்டி உள்ளே இழுத்துப் பார்த்தான்.
நின்றது.
ஆறு வருஷத்தில் முதல் தடவை.

கொசஸ்தலை ஆற்றோரம்
சாம்பல் போகும் குழாயின் மேலேயே நடந்தோம்.
ஏழு மணிக்கே குழாய் சுட்டது.
ஏறுவதற்கு மலை?
இருந்தது ஒன்று. அனல்மின் நிலையம் கொட்டிய சாம்பல் மேடு,
கால் வைத்தால் முட்டிவரை விழுங்குகிறது.
உச்சி என்பது பதினைந்து அடி.
மூச்சு வாங்கியது பொய்யில்லை.
எபி இரண்டு கையையும் விரித்து நின்றான்,
புகைபோக்கிகள், கிரேன்கள்,
தூரத்தில் தீப்பெட்டி அளவுக்கு எங்கள் வண்டி,
எல்லாம் அவனுடையது போல.

உப்பளத்தின் அந்தக் கோடியில் வெள்ளையாய் ஒரு கோடு.
பிளாஸ்டிக் பை ஒதுங்கியிருக்கு என்றேன்.
கோடு எழுந்தது.
பூநாரைகள்.
மடித்த இறக்கைக்குள் அத்தனை சிவப்பை
அதுவரை எங்கே வைத்திருந்தன?
ஒரு பெட்டித் தீக்குச்சியை
ஒரே உரசலில் பற்றவைத்த மாதிரி.
போட்டோ எடுக்க மறந்தோம்.

சைக்கிளில் வாட்ச்மேன் வந்தார்.
என்ன எடுக்குறீங்க?
ஒண்ணும் எடுக்கல சார், பாக்குறோம்.
பாக்குறீங்களா, என்று இன்னொரு முறை கேட்டார்.
அவர் கண் என் கழுத்துக்குப் போய்த்
தாலியைக் கண்டு திரும்பியது.
பிறகு அவரே கை காட்டினார்:
அலையாத்திப் பக்கமா போங்க. நரி இருக்கு.

சேறு எபியின் ஒரு செருப்பைச் சாப்பிட்டது.
மற்றொன்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
திட்டிக்கொண்டே திரும்பினான், அங்கே
நரி.
வாயில் நண்டு, நண்டின் ஒரு கால் இன்னும் அசைகிறது.
நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டமாம்.
மத்தியானம் மூன்று மணிக்கு விழித்தால்
கணக்கில் சேருமா தெரியவில்லை.
அதன் பாதங்களிலும் சாம்பல்.
மூவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.
பிறகு இருமியது, மனுஷனைப் போல.
போய்விட்டது.

ராத்திரி கடற்கரையில் வண்டியைப் போட்டோம்.
மாசிக் காற்று. கயிற்றை இழுத்துக் கட்டினோம்.
அந்த நேரத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பன்னிரண்டு மணி இருக்கும்,
சக்கரத்துக்குப் பக்கத்தில் மணல் வாரும் சத்தம்.
நாய், என்றான் எபி. நாய் இல்லை.
பங்குனி ஆமை. கூடை அகலம். கண்ணில் நீர்.
பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குழி பறித்து
துடுப்புக்கால் வீசிய மணல்
பம்பரில் பட்டுப் படபடத்தது.
டார்ச் அடிக்காதே என்று அவன் கையை அமுக்கினேன்.
முட்டைகள் இருட்டிலும் தெரிந்தன,
ஈரமாய், இரண்டு இரண்டாய்.
பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டோம்.

அது கடலுக்குள் போனபின்
இன்ஜினைப் போடாமல், லைட்டைப் போடாமல்
குட்டியானையை நாங்கள் இரண்டு பேரே தள்ளினோம்.
எபி வெறுங்காலோடு. நான் சிரிப்பை அடக்க முடியாமல்.
இருபதடி தள்ள ஒரு மணி நேரம்.
குழி இருந்த இடத்தை யாரும் மிதிக்காமலிருக்க
காலிக் கேனை அதன்மேல் கவிழ்த்து
பாதி வரை மணலில் புதைத்தோம்.

அஞ்சு மணிக்கு வண்டி வாசலில் நின்றது.
முதலாளி கேன்களை எண்ணினார், மறுபடி எண்ணினார்.
ஒண்ணு குறையுதே.
எபியின் சம்பளத்தில் நூற்றைம்பது ரூபாய் பிடித்தம்.
சனிக்கிழமை அதைச் சொல்லும்போது
அவன் முகம் தொங்கியிருந்தது.

விடு, என்றேன்.
ரூம் வாடகைதானே.